பல்ப் தானாக எரிந்தால் ஹேக்கர் வேலையா?

"ஸ்மார்ட் பல்ப் நடுராத்திரியில் தானாக எரிந்தால் யாரோ வீட்டை வேவு பார்க்கிறார்கள், உடனே கழற்றி எறியுங்கள்" என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. ஸ்மார்ட் பல்ப் என்பது போன் செயலி மூலம் இயக்கக்கூடிய பல்ப். அது எரிந்தது மட்டுமே வேவு பார்ப்பதற்கு ஆதாரம் ஆகாது.

கரண்ட் ஒரு நொடி போய் வந்தாலே பல ஸ்மார்ட் பல்புகள் எரிந்துவிடும். சுவர் சுவிட்சைப் போட்டதும் வெளிச்சம் வர வேண்டும் என்று தயாரிக்கும்போதே அப்படி அமைத்திருக்கிறார்கள். பல மாடல்களில், மின்சாரம் திரும்பும்போது பழைய நிலையிலேயே இருக்கும்படி செயலியின் அமைப்புகளில் மாற்றிக்கொள்ளலாம். அப்புறம், எப்போதோ வைத்து மறந்த டைமரும் இருக்கலாம். அட்டவணைப் பகுதியைத் திறந்து பாருங்கள்.

செயலியின் உள்நுழைவுப் பட்டியலில் தெரியாத போன் இருந்தால்தான் கவலை. பாஸ்வேர்டை மாற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் வசதி) போடுங்கள்.

தனியாக இருப்பவர்களை இந்தச் செய்தி வீணாகப் பயமுறுத்துகிறது. தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.