அந்தக் காணொளியில் சுடுவது ஒரு நடிகர்

“ஸ்பெயின் பிரதமர் சுட்டுக்கொல்லப்பட்ட நேரடிக் காட்சி” என்று வாட்ஸ்அப்பில் ஒரு பழைய காணொளி சுற்றுகிறது. கொலை உண்மை, காட்சி நடிப்பு.

வழக்கறிஞரும் தாராளவாதத் தலைவருமான ஹோசே கனலேஹாஸ் 1910இலிருந்து ஸ்பெயினின் பிரதமராக இருந்தவர். உணவுப்பொருள்கள் மீதான நுழைவு வரியை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தவர். 1912 நவம்பர் 12 அன்று மாட்ரிட்டின் புவெர்த்தா தெல் சோல் சதுக்கத்தில், புத்தகக் கடைக் கண்ணாடி வழியே நூல்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மனுவேல் பர்தீனியாஸ் என்ற அராஜகவாதி (அரசே கூடாது என்ற கொள்கையுடையவன்) அவரைச் சுட்டுக்கொன்றான்.

அப்போது அங்கே கேமரா எதுவும் ஓடவில்லை. அதே ஆண்டில் கொலையை நடித்துப் படமாக்கினார்கள். கொலையாளியாக வருபவர், பின்னாளில் நகைச்சுவையில் புகழ்பெற்ற பெப்பே இஸ்பெர்ட்! இறுதி ஊர்வலக் காட்சிகள் மட்டும் அசல். ஸ்பெயினின் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் தகவல்களில் சரிபார்க்கலாம். தயவுசெய்து அந்தக் காணொளியை மேலும் பகிர வேண்டாம்.