ஷேன் மெக்கவன் இல்லாத போக்ஸ்: 1993 ஆல்பத்துக்காக ஒரு வக்காலத்து

ஐரிஷ் நாட்டார் இசையையும் பங்க் ராக்கையும் ஒரே மேடையில் மோதவிட்ட லண்டன் குழுவான தி போக்ஸ், 1991இல் ஜப்பான் சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே தன் பாடகர் ஷேன் மெக்கவனை வெளியேற்றியது. பங்க் குழுவான கிளாஷின் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர் சிறிது காலம் கைகொடுத்தார். அதன்பின் 1993இல் வந்த 'வெயிட்டிங் ஃபார் ஹெர்ப்' ஆல்பத்தை, 'ஷேன் இல்லாத ஆல்பம்' என்று ஒரே வார்த்தையில் ஓரங்கட்டுவது ரசிகர்களின் வழக்கமாகிவிட்டது. இந்தத் தீர்ப்பில் எனக்கு உடன்பாடில்லை. ஆல்பத்தில் குறைகள் உண்டு. ஆனால் குறை குரலில் இருக்கிறது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆள் மாறுவது இக்குழுவுக்குப் புதிதும் அன்று. பேஸ் கிட்டார் வாசித்த கெய்ட் ஓரியோர்டன் 1986இல் விலகினார். அவருக்கென எண்ணியிருந்த பெண்குரல் பகுதியைக் கிர்ஸ்டி மெக்கால் பாட, 'ஃபேரிடேல் ஆஃப் நியூயார்க்' 1987 கிறிஸ்துமஸின்போது பிரிட்டிஷ் பாடல் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் பிடித்தது. அதே காலத்தில் உள்ளே வந்த ஃபிலிப் செவ்ரன் எழுதிய 'தௌசண்ட்ஸ் ஆர் செய்லிங்', அமெரிக்காவுக்குக் கப்பலேறிய ஐரிஷ் மக்களைப் பற்றிய பாடல். ஷேனின் சிறந்த பாடல்களோடு அதைச் சரிசமமாக வைக்க நான் தயங்க மாட்டேன். ஆக, ஷேன் இருந்தபோதே பிறரும் எழுதத் தெரிந்தவர்களாகத்தான் இருந்தார்கள்.

1993இல் பாடும் பொறுப்பு ஸ்பைடர் ஸ்டேசியிடம் வந்தது. அதுவரை டின் விசில் எனும் சிறு தகரக் குழலை வாசித்துக்கொண்டும், மேடையில் பீர் தட்டால் தன் தலையிலேயே தாளம் போட்டுக்கொண்டும் இருந்தவர் அவர். விசிலை ஊதியபடியே பாட இயலாது என்பதால் மேடையில் அவர் ஒன்றை விட்டுத்தான் இன்னொன்றைச் செய்ய வேண்டியிருந்தது. அவரே எழுதிப் பாடிய 'ட்யூஸ்டே மார்னிங்' பிரிட்டனில் முதல் இருபதுக்குள் வந்தது. அதைக் கேட்டபின்னும் குரலைக் குறை சொல்பவர்கள், ஷேனைத் தேடியே ஆல்பத்தைப் போடுகிறவர்களாக இருக்க வேண்டும்.

உண்மையான குறை பாடல்களுக்குள் வாழும் மனிதர்களில் இருக்கிறது. ஷேன் எழுதினால் லண்டன் தெருவில் தள்ளாடும் ஒருவனின் பெயரும் சட்டையும் கடனும் நமக்குத் தெரிந்துவிடும். இங்கோ எகிப்தின் வாதி ஹம்மாமத் பள்ளத்தாக்கு வருகிறது, ஜப்பானின் பச்சிங்கோ சூதாட்டம் வருகிறது. அந்த இடங்களில் வாழ்பவர் யார் என்று கேட்டால் பதில் மங்கலாகவே கிடைக்கிறது. அக்கார்டியன் கலைஞர் ஜேம்ஸ் ஃபெர்ன்லி எழுதிய 'ட்ரங்கன் போட்' மட்டும் இதற்கு விலக்கு. பிரெஞ்சுக் கவிஞர் ரேம்போவின் கவிதைத் தலைப்பை எடுத்துக்கொண்டு, கடலோடிகளின் களைப்பையும் ஆட்டத்தையும் ஒன்றாகச் சுழற்றும் அந்தப் பாடலில், அக்கார்டியன் மூச்சு வாங்கி மீண்டும் பாயும் இடங்களுக்காகவே ஆல்பத்தை வாங்கலாம். தயாரிப்பாளர் மைக்கேல் புரூக் ஒலியைச் சற்று அதிகமாகவே மெருகேற்றிவிட்டார் என்பது என் எண்ணம். (நம் மாண்டலின் ஸ்ரீனிவாஸுடன் 'ட்ரீம்' ஆல்பத்தைச் செய்தவரும் இதே புரூக்தான், அங்கே அந்த மெருகு அழகாகப் பொருந்தியது.)

ஒரு குழு எப்போது குலைகிறது என்பதை மைக்கைப் பிடித்தவரை மட்டும் வைத்து அளப்பதுதான் நாம் செய்யும் பிழை. என் கணக்கில் போக்ஸ் குலைந்தது 1991இல் இல்லை. இந்த ஆல்பத்துக்குப் பிறகு ஃபெர்ன்லி, செவ்ரன், டெர்ரி வுட்ஸ் ஆகிய மூவரும் விலகியபோதுதான். அவர்கள் இல்லாமல் வந்த 'போக் மஹோன்' ஆல்பத்தில் ஆள்கள் புதிது, ஒலி வேறு, 1996இல் குழுவும் கலைந்தது. 2001இல் தொடங்கி ஷேனுடன் மீண்டும் கூடி நடத்திய நிகழ்ச்சிகளிலும் 'ட்யூஸ்டே மார்னிங்' இடம்பெற்றது, பாடியவர் ஸ்டேசியேதான்.