ரூத் பார்கன் மார்க்கஸ் பற்றி ஒரு திருத்தம்

"ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் இருந்தால், அவை ஒன்றாயிருப்பது தற்செயல் அல்ல, கட்டாயம் என்று முதலில் நிறுவியவர் கிரிப்கே, ரூத் பார்கன் அவர் வழியில் வந்தவர்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இருவரும் அமெரிக்கத் தத்துவவாதிகள், தருக்கவியலாளர்கள்; ஆனால் இங்கே வரிசை தலைகீழாக இருக்கிறது.

விடிவெள்ளியும் அந்திவெள்ளியும் ஒரே கோள்தான், இல்லையா? அப்படியானால் அவை வேறுவேறாக இருந்திருக்கவே முடியாது. இதற்கான தருக்க நிறுவலை ரூத் பார்கன் 1947-லேயே ஜர்னல் ஆஃப் சிம்பாலிக் லாஜிக்கில் வெளியிட்டுவிட்டார். அதற்கு முந்தைய ஆண்டு, அதே இதழில், 'எல்லாம்', 'சில' என்ற அளவைச் சொற்களை மோடல் லாஜிக்கோடு, அதாவது கட்டாயம், சாத்தியம் பற்றிய தருக்கத்தோடு, இணைத்துக் காட்டினார். பார்கன் வாய்பாடு என்று இன்றும் சொல்கிறோமே, அது அந்தக் கட்டுரையில் வந்ததுதான். 1940-இல் பிறந்த கிரிப்கே அப்போது சின்னப் பையன்!

குவைன் என்ற தத்துவவாதி இந்த மோடல் லாஜிக் துறையே குழப்பம் என்று பல ஆண்டுகள் எதிர்த்தபோதும் ரூத் பார்கன் பின்வாங்கவில்லை. பெயர் என்பது வர்ணனை இல்லை, பொருளில் கட்டிய வெறும் சீட்டு என்று 1962-இல் வாதிட்டவரும் அவர்தான்.

சரி, சாத்திய உலகங்களை, அதாவது உலகம் எப்படியெல்லாம் இருந்திருக்கலாம் என்ற நிலைகளை, வைத்து மோடல் லாஜிக் வாக்கியங்களுக்குக் கிரிப்கே தந்த பொருண்மையியல் (பொருள் விளக்கம்) பெரிய சாதனை. ஒரு பெயர் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறி வருவதால்தான் அது தன் பொருளைக் குறிக்கிறது என்ற சங்கிலி விளக்கமும் அவருடையதே. அதற்காக ரூத் பார்கனை அவருடைய மாணவி போல எழுதுவது தவறு. தயவுசெய்து பதிவில் திருத்திவிடுங்கள்.