கூட்டணி முடிவாகாமல் கத்திரி வைப்பதில்லை

(இராயப்பேட்டையில் ஒரு தையற்கடை. கட்சிக் கொடிகளும் தோள்துண்டுகளும் தைத்துப் பிழைக்கும் சிங்காரத்திடம், எட்டாம் வகுப்பில் அவருக்குக் குடிமையியல் நடத்திய வரதராஜன், இடுப்பு இறுகிப்போன கால்சட்டை ஒன்றைப் பிரித்துத் தைக்கக் கொண்டுவருகிறார்.)

வரதராஜன்: நாடாளுமன்றத் தேர்தல் என்று ஊரே பேசிக்கொண்டிருக்கும்போது, நீ மட்டும் தையல் இயந்திரத்துக்கு உறை போட்டுவிட்டு நாளிதழ் படிக்கிறாயே, சிங்காரம்!

சிங்காரம்: கூட்டணி முடிவாகாமல் நான் துணியில் கத்திரி வைப்பதில்லை, ஐயா. முன்பொரு முறை ஒரே மேடைக்கு ஏழு கட்சிகளின் கொடிகளைத் தைத்து முடித்த இரவில், அவற்றுள் ஒரு கட்சி எதிரணிக்குப் போய்விட்டது. சொன்னவர்கள் அந்தக் கொடி வேண்டாம் என்றார்கள். எதிரணியினரோ தங்களுக்கு வேறு தையற்காரர் இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். அந்தக் கட்சி இன்றும் என் வீட்டில் தலையணை உறையாக இருந்து மக்கள் பணி ஆற்றி வருகிறது.

வரதராஜன்: கூட்டணி பேசுவது தலைவர்களின் பொழுதுபோக்கு. மக்களவையின் 543 இடங்களில் 272 பேரின் ஆதரவைப் பெற்றவர் ஆட்சி அமைப்பார், அதைத் தீர்மானிப்பவர்கள் மக்கள் என்று உனக்கு நான் நடத்தவில்லையா?

சிங்காரம்: நடத்தினீர்கள், ஐயா. ஆனால் 2014 இல் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 23 பேருக்கு மேல் திமுகவுக்கு வாக்களித்தும் அதற்கு ஓர் இடம்கூடக் கிடைக்காமல், நூற்றுக்கு 44 பேரின் வாக்கைப் பெற்ற அதிமுக 39 இல் 37 இடங்களை அள்ளிக்கொண்டு போனது ஏன் என்பதை நீங்கள் நடத்தவில்லை. 2024 இல் அதே பூஜ்யம் வீடு மாறியது. அதிமுகவும் பாஜகவும் தனித்தனியே நின்றன. அதிமுகவுக்கு மட்டும் நூற்றுக்கு 20 பேருக்கு மேல் வாக்களித்தும், 39 இடங்களும் திமுக அணிக்கே போய்ச் சேர்ந்தன.

வரதராஜன்: அது தேர்தல் முறையின் இயல்பு. ஒரு தொகுதியில் பாதிக்கு மேல் வாக்கு வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. மற்றவர்களைவிட ஒரு வாக்கு கூடுதலாக வாங்கினால் போதும். 2014 இல் பாஜக நாடு முழுவதும் நூற்றுக்கு 31 வாக்குகளை வைத்துக்கொண்டே 282 இடங்களைப் பிடித்ததும் இதனால்தான்.

சிங்காரம்: ஆகவே நம் வாக்கு சேர வேண்டும், எதிரியின் வாக்கு சிதற வேண்டும், பாதித் தேர்தல் தொகுதிப் பங்கீட்டு மேசையிலேயே முடிந்துவிடுகிறது. அந்த மேசையில் ஒரே ஒரு தொகுதி வாங்கிய கட்சிக்காரர்தான், மேடையில் தம் கொடி மற்றவற்றைவிட ஒரு முழம் உயரமாகப் பறக்க வேண்டும் என்று என்னிடம் வந்து கறாராகச் சொல்கிறார்.

வரதராஜன்: ரசீதை யார் பெயரில் கொடுப்பாய்?

சிங்காரம்: கட்சியின் பெயரில்தான் கேட்பார்கள். வேட்பாளர் 95 லட்சத்துக்கு மேல் செலவு செய்யக் கூடாது. கட்சிக்கு அப்படி எந்த வரம்பும் இல்லை. இந்தச் சட்டத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவர்களே அவர்கள்தாம்.

(கால்சட்டையை விரித்து, இஞ்சு டேப்பால் அளக்கிறார்.)

சிங்காரம்: இடுப்பில் உள்துணியே இல்லை, ஐயா. ஒட்டுப்போடாமல் இது உங்களைத் தாங்காது. 2024 இல் பாஜகவுக்கு வந்த நிலைமைதான் உங்களுக்கும்: கையில் இருந்தது 240, இடுப்பளவு 272.

வரதராஜன்: தெலுங்கு தேசத்தின் 16 இடங்களும் ஐக்கிய ஜனதா தளத்தின் 12 இடங்களும் இருந்தனவே!

சிங்காரம்: கூட்டிப் பாருங்கள், 268 தான் வருகிறது. சிவசேனையின் 7 இடங்களும் சேர்ந்த பிறகுதான் பொத்தானே போட முடிகிறது. அணி மொத்தமாக 293 என்பது, நீங்கள் விருந்துக்குப் போனால் தேவைப்படும் இடைவெளி.

வரதராஜன்: ஒட்டுத்துணி பிய்ந்துகொண்டால் என்ன ஆகும் என்பதையும் நாடு பார்த்திருக்கிறது. அதிமுக ஆதரவை விலக்கிக்கொண்டதால், 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என்று ஒரே வாக்கில் கவிழ்ந்தது.

சிங்காரம்: அந்த ஒற்றை வாக்கை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். 1998 இல் தைத்த கொடியின் சாயம் போவதற்குள் அடுத்த தேர்தல் வந்தது. முதல் தேர்தலில் தாமரைக்குப் பக்கத்தில் அதிமுக கொடி, அடுத்ததில் அதே தாமரைக்குப் பக்கத்தில் திமுக கொடி. நல்லவேளையாக இரண்டும் கறுப்பு சிவப்பு. அண்ணா படத்தை ஒட்டாமல் விட்டதோடு என் வேலை முடிந்தது.

வரதராஜன்: கட்சிகள்தாம் இப்படி மாறலாம், உறுப்பினர் மாற முடியாது. கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985 இலேயே வந்துவிட்டது.

சிங்காரம்: ஒருவர் தனியாகத் தாவினால் பதவி போகும், மூன்றில் இரண்டு பங்கினர் சேர்ந்து இன்னொரு கட்சியோடு இணைந்தால் போகாது. நானும் ஒற்றைக் கொடிக்குத் தள்ளுபடி தருவதில்லை, ஐயா. நூறு கொடி என்றால் தருகிறேன்.

வரதராஜன் (பெருமூச்சுடன்): இவ்வளவு தெரிந்த நீ, குடிமையியல் தேர்வில் ஏன் தோற்றாய்?

சிங்காரம்: உங்கள் கேள்வித்தாளில் பங்கீடே இல்லை, எல்லாக் கேள்விகளிலும் நானே தனித்து நிற்க வேண்டியிருந்தது.

வரதராஜன்: போகட்டும், இந்த முறை வெற்றி யாருக்கு என்றாவது சொல்.

சிங்காரம்: தோற்ற கட்சியிடமிருந்து பாக்கி வசூலாகாது என்பதால், தோற்கும் என்று நான் நினைக்கும் கட்சியிடம் முன்பணம் கூடுதலாகக் கேட்பது என் வழக்கம்.

வரதராஜன் (குரலைத் தாழ்த்தி): இப்போது யாரிடம் கூடுதலாகக் கேட்டிருக்கிறாய்?

சிங்காரம்: எல்லாரிடமும் முழுப் பணத்தையும் கேட்டிருக்கிறேன், ஐயா. போட்டி அவ்வளவு கடுமை.