ஒரு நாள் முழுதும் மட்டக்களப்பிலிருந்து ஒலிபரப்பினால் என்ன?

1925 டிசம்பர் 16 இல் கொழும்பில் தொடங்கிய இலங்கை வானொலி நூறு ஆண்டுகளைக் கடந்துவிட்டது. பெப்ரவரி 13 ஐ உலக வானொலி நாளாக யுனெஸ்கோ 2011 இல் அறிவித்த பிறகு, ஆண்டுதோறும் அந்த நாளில் பழைய அறிவிப்பாளர்களின் படங்களைப் பகிர்ந்து பெருமூச்சு விடுவது நம்மவரின் வழக்கமாகிவிட்டது. அந்தப் பெருமூச்சைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்த நாளில் விடியல் தொடங்கி மறுநாள் விடியும்வரை மட்டக்களப்பிலிருந்தே இசையும் பேச்சும் கலையுமாக ஒரு முழு நாள் ஒலிபரப்பை நடத்த நாம் ஏன் முயலக்கூடாது என்று கேட்கிறேன். கொழும்பிலிருந்து வாகனத்தில் வந்து, இரண்டு மணி நேரம் மேடை போட்டு, பரிசு கொடுத்துவிட்டுப் போகும் ‘நேரடி ஒலிபரப்பை’ நான் சொல்லவில்லை.

இசையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எந்தப் பாட்டும் இன்று கைபேசியில் கிடைக்கிறது. பாட்டுக்காக மட்டும் வானொலிப் பெட்டியைத் திறக்கும் தேவை எவருக்கும் இல்லை. இலங்கை வானொலியின் பலம் அது நாளை வகுத்துத் தந்ததில் இருந்தது. ‘பொங்கும் பூம்புனல்’ கேட்டால் காலை. ‘இசையும் கதையும்’, ‘பாட்டுக்குப் பாட்டு’, நாடகம் என்று ஒவ்வொன்றுக்கும் அதற்கென ஒரு நேரமும், அந்த நேரத்துக்குக் காத்திருக்கும் கூட்டமும் இருந்தன. இன்றைய அலைவரிசைகளில் காலை ஆறு மணியும் மாலை ஆறு மணியும் ஒரே குரலில், ஒரே வேகத்தில் கழிகின்றன.

நான் வலியுறுத்துவது பேச்சை. பெப்ரவரி நம் பகுதியில் பெரும்போக அறுவடைக் காலம். உன்னிச்சைக் குளத்து நீரை நம்பிய வயலிலும், சேனநாயக்க சமுத்திரத்து நீர் பாயும் அம்பாறை வயல்களிலும் ஆட்கள் நிற்கும் நேரம். அன்றைய காலை ஒலிபரப்பு வயலிலிருந்தே வரட்டும். நெல்லின் விலையை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாமல், மாடு கட்டிச் சூடு மிதித்து நெல்லைப் பிரித்த காலத்தில் களத்தில் பாடிய பொலிப்பாட்டைப் பாடத் தெரிந்த முதியவரையும், இன்று அறுவடை இயந்திரம் ஓட்டும் இளைஞனையும் ஒரே வரம்பில் உட்கார வைத்துப் பேச விடுங்கள். இயந்திரம் வந்ததும் களம் போனது, களம் போனதும் பாட்டுப் போனது என்பதைப் பேராசிரியர் ஒருவர் கட்டுரையாக வாசிப்பதைவிட, அந்த இருவரும் ஒருவரையொருவர் மறித்து, சிரித்து, கோபித்துச் சொல்லும்போது கேட்பவருக்கு நன்றாக உறைக்கும். இடையில் இயந்திரத்தின் இரைச்சல் வந்தால் வரட்டும். அதை வெட்டி எறிய வேண்டாம்.

இரவு கூத்துக்கு. சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வானொலி நிகழ்ச்சியில் என்னைக் கூத்தைப் பற்றிப் பேச அழைத்தவர்கள், ‘சுருக்கமாக, மூன்று நிமிடத்தில்’ என்றார்கள். விடிய விடிய ஆடப்படுவதை மூன்று நிமிடத்தில் சொல்லலாம்தான். சொன்ன பிறகு அதில் கூத்து இருக்காது. கூத்து கண்ணுக்குரியது, வானொலிக்கு ஏற்றதல்ல என்று சிலர் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. கூத்து ஆடும் வட்டமான களரியின் ஓரத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: கூத்தர் வட்டம் சுற்றி நம் பக்கம் வரும்போது சதங்கை ஒலி பெருகும், அப்பால் போகும்போது தேயும், கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் மத்தளத்தில் தாளக்கட்டை முடித்ததும் சல்லரி என்னும் கைத்தாளம் அதை ஏந்திக்கொள்ளும், பிற்பாட்டுக்காரர் ஒரு அடியை வாங்கித் திருப்பிப் பாடும்போது ஆடுபவருக்கு மூச்சு வாங்க இடம் கிடைக்கும். ஆட்டத்தின் பாதி காதில்தான் இருக்கிறது. பாட்டை நீட்டிப் பாடும் தென்மோடி என்ற கூத்து வகைக்கு இது இன்னும் பொருந்தும். ஒலிவாங்கியை எங்கே வைப்பது என்பதுதான் சிக்கல். மத்தளத்துக்கு அருகே வைத்தால் பாட்டின் சொற்கள் அமுங்கிவிடும், தள்ளி வைத்தால் சதங்கை கிடைக்காது. ஒலிப்பதிவாளர் முந்தைய நாளே அண்ணாவியாருடன் களரியில் இருந்து பார்த்தால்தான் அதற்கு வழி பிறக்கும்.

அம்பாறைக் கரையோரத்தை ஒரு ‘சிறப்புப் பகுதியாக’ ஒதுக்கி வைப்பதையும் நான் விரும்பவில்லை. அக்கரைப்பற்று, சம்மாந்துறை போன்ற ஊர்களின் முஸ்லிம் பெண்கள் பாடும் கவியும், பக்கீர்மார் றபான் என்னும் கைப்பறை தட்டிப் பாடும் பாட்டும், தம்பிலுவில் கண்ணகி அம்மன் கோயிலில் அம்மனின் சினம் தணியப் பாடும் குளிர்த்திப் பாடலும் ஒரே மாலையில் அடுத்தடுத்து வர வேண்டும். 1961 இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது நிர்வாகத்துக்காக. பாட்டு அந்த எல்லையைக் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு இன்று அம்பாறையில்தான் இருக்கிறது. ‘யாழ் நூல்’ எழுதிய அவரை மட்டக்களப்பு தன்னவர் என்று சொல்லாத நாளும் இல்லை.

பணம் எங்கே, ஆள் எங்கே என்று கேட்பீர்கள். பணத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ஆள் இருக்கிறது. கல்லடியில் உள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இசையும் நடனமும் நாடகமும் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒலிவாங்கியைக் கொடுப்பதற்கு முன் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்: விளம்பர அறிவிப்பாளர்களின் அந்த ஓட்டமும் இழுவையும் வேண்டாம், வீட்டில் உம்மாவோடும் அம்மாவோடும் பேசும் குரலிலேயே பேசுங்கள் என்று. பழைய கூத்து ஒலிநாடாக்கள் யாருடைய வீட்டிலாவது பூஞ்சணம் பிடித்துக் கிடக்கக்கூடும். அப்படி வைத்திருப்பவர்கள், எந்த ஊர்க் கூத்து, அண்ணாவியார் யார், எந்த ஆண்டு என்பதை உறையில் எழுதி, நாடாவைச் சுற்றிப் பார்க்காமல் அப்படியே பத்திரப்படுத்துங்கள். பூஞ்சணம் படிந்த நாடாவைக் கருவியில் போட்டால் உள்ளதும் போய்விடும்.