முன்பணமும் கலந்தாய்வுக் கடிதமும்

ஒவ்வொரு மே மாதமும் பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்த கையோடு, விடுமுறையில் வேலைக்குப் போய்ச் சம்பாதித்த பிள்ளைகளைப் பாராட்டும் பதிவுகளும் வரத் தொடங்கிவிடுகின்றன. உழைப்பின் அருமை தெரியும், காசின் அருமை தெரியும் என்று எழுதுகிறார்கள். அதில் பொய் இல்லை. ஆனால் கல்லூரியில் இடம் உறுதியாகிவிட்ட பிள்ளைக்கு அந்த வேலை ஒரு பயிற்சி. கல்லூரிக்குப் போவதே தீர்மானமாகாத வீட்டுப் பிள்ளைக்கோ, அதே வேலை கல்லூரியோடு போட்டி போட்டு, பல நேரங்களில் வென்றும் விடுகிறது. இந்த இருவரையும் ஒரே வரியில் பாராட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

2014ஆம் ஆண்டு மார்ச் மாதத் தேர்வு முடிந்ததும், ஆண்டிபட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து நானும் என் நண்பனும் திருப்பூருக்குப் போனோம். எங்கள் பகுதியில் அது புதிய வழக்கமில்லை. யாராவது ஒரு சித்தப்பாவோ மாமாவோ பனியன் கம்பெனியில் இருப்பார், அவர் வந்து கூட்டிக்கொண்டு போவார். எங்கள் இருவருக்கும் கைமடி வேலை. டெய்லர் தைத்துத் தள்ளும் பீஸை வாங்கிப் பிசிறு வெட்டி, மடித்து, டஜன் டஜனாகக் கட்டி அடுத்த மிஷினுக்கு அனுப்ப வேண்டும். ஓவர்லாக் மிஷின் துணியின் ஓரத்தை வெட்டிக்கொண்டே தைப்பதால் அந்தப் பொடி இமையிலும் காதோரத்திலும் படிந்துகொண்டே இருக்கும். நீலத் துணி ஓடிய நாளில் இரவு மூக்கைச் சிந்தினால் நீலமாகத்தான் வரும். ஒரே மேசையின் இரு பக்கத்திலும் நின்றுகொண்டு, மிஷின் சத்தத்தில் பேச்சு கேட்காததால் உதட்டசைவைப் பார்த்தே பேசப் பழகினோம். பள்ளியில் ஏழு வருடம் ஒரே வகுப்பில் இருந்தபோது வராத நெருக்கம் அந்தக் கோடையில் வந்தது என்றால் அது மிகையில்லை.

எங்கள் இருவரில் கட்-ஆஃப் அதிகம் வாங்கியவன் அவன்தான். வேலையிலும் அவன்தான் கெட்டிக்காரன். சாப்பாட்டு நேரத்தில் வெட்டுத் துணிகளை வைத்துத் தைத்துப் பழகி, மே மாதக் கடைசியில் ஓவர்லாக்கில் உட்காரும் அளவுக்குத் தேறிவிட்டான். காண்ட்ராக்டர் அதைக் கவனித்து அவன் வீட்டுக்கு முன்பணம் கொடுத்தார். அவன் அக்காவின் கல்யாணக் கடன் அப்போது வட்டி மேல் வட்டியாக ஏறிக்கொண்டிருந்த நேரம். பெற்றோர் அந்தப் பணத்தை வாங்கியதை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வேலை பார்த்தே கழிக்க வேண்டிய அந்த முன்பணம் கைமாறிய அன்றே, கலந்தாய்வுக்குப் போக வேண்டிய அவனுடைய ஜூலை மாதமும் கைமாறிவிட்டது. 18 வயது நிறையாதவரைத் தொழிற்சாலையில் சேர்ப்பதற்கு மருத்துவத் தகுதிச் சான்று வேண்டும் என்று அப்போது நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. அந்தச் சான்றை எங்களிடம் யாரும் கேட்கவில்லை. ஒன்றரை ஷிப்ட் பார்க்கச் சொன்னார்கள், பார்த்தோம்.

அந்த ஆண்டுகளில் பொறியியல் கலந்தாய்வுக்குச் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில்தான் போக வேண்டும். அழைப்புக் கடிதம் இருந்தால் பேருந்துக் கட்டணத்தில் பாதி சலுகை உண்டு. முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகையும் 2010 முதலே இருந்தது. ஆக, படிக்க முடியாது என்று சொல்லும்படி இல்லை. ஆனால் அந்தச் சலுகை விடுதிக்கும் மெஸ்ஸுக்கும் பொருந்தாது. அந்தப் பணத்தைச் சேரும் நாளிலேயே கையில் வைத்திருக்க வேண்டும். கம்பெனியிலோ சனிக்கிழமை தவறாமல் சம்பளம் வந்துகொண்டிருந்தது. என் வீட்டில் என் கோடைச் சம்பளத்தைத் தொடாமல் வைத்திருக்க முடிந்தது, அவன் வீட்டில் முடியவில்லை. எங்கள் இருவரின் வாழ்க்கையும் பிரிந்த இடம் இதுதான். அறிவிலோ ஆசையிலோ அவன் எனக்கு ஓர் இம்மியும் குறைந்தவனில்லை.

நான் கல்லூரிக்குக் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, முதலாமாண்டு வரைபட வகுப்புக்குத் தேவையான மினி டிராப்டரை அவன் தன் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தான். கடைக்காரரிடம் திருகாணியை முடுக்கிக் காட்டச் சொல்லி, அளவுகோல் ஆடாமல் நிற்கிறதா என்று தானே சோதித்துவிட்டுத்தான் பணம் கொடுத்தான். பிறகு எங்கள் பேச்சு மெல்லக் குறைந்தது. தீபாவளிக்கு ஊருக்கு வந்தால் அவனுக்குப் போனஸ் பேச்சு, எனக்கு அரியர் பேச்சு. சண்டை எதுவும் வரவில்லை. ஆனாலும் ஒருவர் உலகத்துக்குள் மற்றவர் விருந்தாளி ஆகிவிட்டோம். அந்த இடைவெளி மறையப் பல ஆண்டுகள் ஆயின.

இன்று நிலைமை மேம்பட்டிருக்கிறது என்பதை மனதார ஒப்புக்கொள்கிறேன். கலந்தாய்வு 2018 முதல் இணையவழியில் நடக்கிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியில் சேரும் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டமும், ஆண்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. உயர்கல்வியில் சேராதவர்களைத் தேடிப்பிடித்துச் சேர்க்க ‘உயர்வுக்குப் படி’ முகாம்களும் நடக்கின்றன. ஆயினும் மாத உதவி கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் வருகிறது, முன்பணமோ அதற்கு முன்பே வந்துவிடுகிறது. ஆகவே முகாமை மாணவர் படித்த ஊரில் மட்டும் நடத்தினால் போதாது. மே, ஜூன் மாதங்களில் அந்தப் பிள்ளைகள் திருப்பூரில் தொழிலாளர்கள் வாடகைக்குத் தங்கும் லைன் வீடுகளில்தான் இருக்கிறார்கள். கம்பெனிக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமையில் அங்கே போய் நடத்த வேண்டும். சேரும் நாளில் கட்ட வேண்டிய விடுதிப் பணத்துக்குச் சிறிய அளவிலாவது முன்கூட்டியே உதவ வேண்டும். பிளஸ் டூ முடித்து வரும் பிள்ளைக்குச் செய்த வேலைக்கான கூலியைக் கொடுங்கள், முன்பணம் மட்டும் கொடுக்காதீர்கள் என்று முதலாளிகளையும் காண்ட்ராக்டர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

நடக்காததை நான் கேட்கவில்லை. என் நண்பன் இப்போது சொந்தமாகச் சில பவர் டேபிள்கள், அதாவது மோட்டார் தையல் மிஷின்கள் போட்டு, மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறான். கோடையில் எங்கள் பக்கத்திலிருந்து பையன்கள் அவனிடம் வருகிறார்கள். விண்ணப்பித்தாகிவிட்டதா, கலந்தாய்வில் எந்தச் சுற்றில் வருகிறாய் என்று கேட்டுக் காலண்டரில் குறித்துக்கொண்டுதான் வேலைக்கே சேர்க்கிறான். முன்பணம் கேட்டு வரும் பெற்றோரிடம், கல்லூரியில் கட்டணம் கட்டிய ரசீதைக் கொண்டு வாருங்கள், அப்புறம் பேசலாம் என்று சொல்லி அனுப்புகிறான்.