கணக்கு எடுக்காவிட்டாலும் நீட் எழுதலாம்

மேலே உள்ள பதிவில் ஒரு அண்ணன், "பிளஸ் ஒன்னில் கணக்கு எடுக்காவிட்டால் நீட் எழுத முடியாது, புதுச்சேரி ஜிப்மர் மருத்துவக் கல்லூரிப் பக்கமே போக முடியாது" என்று எழுதியிருக்கிறார். இது தவறு. இதை நம்பி மஞ்சக்குப்பத்து அக்கா, மகளைக் கணக்கு இல்லாத ப்யூர் சயின்ஸ் குரூப்பிலிருந்து மாற்றிவிடவா என்று கேட்கிறார். அவசரப்பட வேண்டாம் அக்கா.

நீட்டுக்குத் தேவை இயற்பியல், வேதியியல், உயிரியல், கூடவே ஆங்கிலம். ப்யூர் சயின்ஸில் தாவரவியல், விலங்கியல் என்று தனித்தனியாக இருப்பதும் உயிரியலாகவே கணக்கில் வரும். 720 மதிப்பெண்ணில் உயிரியலுக்கு மட்டும் 360. கணக்குக்கென்று தனிப் பகுதியே கிடையாது. கோரிமேட்டு ஜிப்மரும் 2020 முதல் நீட் மதிப்பெண்ணில்தான் எம்.பி.பி.எஸ். சேர்க்கிறது, முன்பிருந்த தனித் தேர்வு இப்போது இல்லை.

சரி, கணக்கே வேண்டாமா? அப்படியும் சொல்ல மாட்டேன். 30 டிகிரி கோணத்தில் எறிந்த பந்து எவ்வளவு தூரம் போகும் என்று இயற்பியலில் கேட்டால் சைன், காஸ் தெரிந்திருக்க வேண்டும். ப்யூர் சயின்ஸ் பிள்ளைகள் பலர் தடுமாறுவது இங்கேதான். பத்தாம் வகுப்பு முக்கோணவியலை இந்த விடுமுறையிலேயே திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், இன்ஜினியரிங் கதவும் திறந்திருக்கட்டும் என்று நினைத்தால் கணக்கும் உயிரியலும் சேர்ந்த குரூப் நல்லது. ஆனால் அது மகளின் விருப்பம். உங்கள் பெண் அரசுப் பள்ளி என்றால் இன்னொன்று: ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்குத் தமிழ்நாட்டு மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. குரூப்புக்காகத் தனியார் பள்ளிக்கு மாற்றினால் அது போய்விடும்.